நமது நிருபர்

ஜூலை 28, திங்கள்

இந்த டைரியைப் புத்தாண்டுக்குப் பொன்னூஞ்சல் பட்டாசு ஆலையில் கொடுத்தார்கள். ஊரிலுள்ள எல்லா நிருபருக்கும் ஆளுக்கொன்று. ஒவ்வொரு தாளின் தலையிலும் குட்டியாய் ஒரு ஊஞ்சல் படம். ஏழு மாதமாக அடுப்படி அலமாரியில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்ததை இன்றுதான் துடைத்து எடுத்தேன். பேப்பரில் எழுத முடியாததை எங்காவது எழுதித் தொலைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் பாத்திரம்தான் உடையும்.

கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள். வழக்கம்போல் நிருபர்களுக்கு ஓரமாக நாற்காலி, டீ, பிஸ்கட். வரிசையில் நிற்கிற சனம் நாங்கள் டீ குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தது. ஒரு பெண் மனு எதுவும் இல்லாமல் நேரே என் நாற்காலிக்கு வந்து, நீங்க பேப்பர்க்காரவுகதானே என்றாள். பொன்னூஞ்சலில் வேலை பார்க்கிறாளாம், பேச வேண்டுமாம். பக்கத்தில் அந்தோணி உட்கார்ந்திருந்தான். அவன் வேறு பேப்பர். மூக்கு ரொம்ப நீளம். அவனுக்குக் கேட்காமல் எங்கே வரட்டும் என்றேன். ஒரே மூச்சில் சொன்னாள்: அங்காளேஸ்வரி, மேலப்பட்டி, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து வீடு, யாரைக் கேட்டாலும் காட்டுவாக.

வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடையிலிருந்து லேட்டாக வந்தார். தோசை மாவு புளித்துவிட்டது. அதையே ஊற்றினேன், வாயைத் திறக்காமல் தின்றார்.

ஜூலை 31, வியாழன்

மேலப்பட்டி போனேன். அங்காளேஸ்வரிக்கு நாற்பது வயசிருக்கும். புருசன் திருப்பூர் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மகன் பத்தாவது படிக்கிறான். வீட்டை இழுக்கிறது இவள் ஒருத்திதான். வரக்காப்பி கொடுத்தாள். சீனி அள்ளிப் போட்டிருந்தாள்.

அவள் சொன்னதன் சுருக்கம்: ஆலையில் லைசென்ஸ் வாங்கிய அறைகள் இருக்கின்றன, ஓர் அறைக்கு இத்தனை ஆள்தான் என்று சட்டமும் இருக்கிறது. தீபாவளி ஆர்டர் குவிந்தால் அறை பத்தாது. அதனால் பின்சுவருக்கு வெளியே, வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார வைத்து வெடிமருந்து அடைக்கச் சொல்கிறார்கள். மரத்தடிக்கு லைசென்ஸும் கிடையாது, தண்ணீர் வாளியும் கிடையாது. ஏப்ரலில் அங்கே தீப்பிடித்து பாண்டீஸ்வரி என்று ஒரு பெண் செத்துப்போயிருக்கிறாள், கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. வீட்டில் ஸ்டவ் வெடித்துச் செத்ததாக எழுதி முடித்துவிட்டார்கள். எனக்கு நினைவிருக்கிறது, எல்லாப் பேப்பரிலும் அப்படித்தான் வந்தது. போலீஸ் கொடுத்த குறிப்பு. குறிப்பை யார் போய்ச் சோதித்துக்கொண்டிருப்பார்கள்?

புதிதாக வரும் பெண்களுக்கு வேலை பழக்குவது அங்காளேஸ்வரிதானாம். "மொத நாளே சொல்லிருவேன் நிருபரம்மா. மருந்துக்கு மாமன் மச்சான் தெரியாது, பயந்து தொடுன்னு. பாண்டீசுவரிக்கும் சொன்னேன். பயந்துதான் தொட்டா. மரத்தடில காத்துக்குத் தெரியலியே."

என் பேனா அப்படியே நின்றுவிட்டது. பதினாறு வருசமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்படி ஒரு வரி எனக்கு வாய்த்ததில்லை.

கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பேரு வந்தா எங்கியும் வேலை தரமாட்டாக, எல்லா மொதலாளியும் ஒண்ணு என்றாள். எங்கம்மா மேல் சத்தியமாகச் சொன்னேன், உங்க பேரோ ஊரோ ஓர் எழுத்து வராது என்று.

ஆகஸ்ட் 2, சனி

ஆலைக்குப் பின்னால் இருக்கும் கரட்டு மேட்டில் ஏறிப் படம் எடுத்தேன். மரத்தடி, பாய், குனிந்த தலைகள், எல்லாம் தெளிவு. முகம் ஒன்றும் தெரியவில்லை, அதுவும் நல்லதுதான். இறங்கும்போது கருவேல முள் செருப்பைத் தாண்டி ஏறிவிட்டது. வீட்டுக்காரர் ஊக்கு வைத்து எடுத்துவிட்டபடி, உனக்கெதுக்கு இந்த வேலை என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எழுதி முடித்தேன். முறைப்படி முதலாளியிடமும் விளக்கம் கேட்டேன். தனுஷ்கோடி அண்ணாச்சி தேன் ஒழுகப் பேசினார். எல்லாம் சட்டப்படிதாம்மா நடக்குது, மரத்தடில பொம்பளைக சாப்பிடுவாக, நீ அதப் பாத்திருப்ப என்றார். கூடவே, தீபாவளி மலருக்கு நம்ம விளம்பரம் உன் மூலமாத்தானே போகும் என்றும் ஞாபகப்படுத்தினார். எங்கள் பிழைப்பு அப்படி. செய்தி சேகரிக்கிற நானேதான் விளம்பரமும் சேகரிக்க வேண்டும். மாமியார் வீட்டிலேயே திருடப் போகிற மாப்பிள்ளை கதை.

மதுரையிலிருந்து செய்தி ஆசிரியர் அருணகிரி சார் கூப்பிட்டார். அந்த மாமன் மச்சான் வரி யார் சொன்னதும்மா என்றார். பெயர் வெளியிட விரும்பாத ஊழியர் என்றேன். "தலைப்பே இதுதாம்மா. நானும் முப்பது வருசமா இருக்கேன், இப்படி ஒரு தலைப்பு வெச்சதில்ல" என்றார். ஆளைக் கண்டுபிடித்துவிட மாட்டார்களே என்று ஒரு வார்த்தை கேட்கவும் செய்தார். பேரே போடலியே சார் என்றேன்.

குறித்து வைக்கிறேன்: அவர் கேட்டார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வந்துவிட்டது! எட்டாம் பக்கம் முழுசும். தலைப்பு கொட்டை எழுத்தில்: "மருந்துக்கு மாமன் மச்சான் தெரியாது". கீழே, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "நமது நிருபர்". பகுதிநேர நிருபருக்குப் பெயர் போடுவதில்லை என்பது எங்கள் நாள்விளக்குப் பேப்பரின் வழக்கம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை என்று எழுத வந்தேன். வருத்தம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

டீக்கடையில் ஒரு ஆள் தலைப்பைச் சத்தமாக வாசித்ததைக் காதால் கேட்டேன். கேசரி கிண்டினேன். வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்றார். சும்மாதான் என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

அங்காளேஸ்வரி போனை எடுக்கவில்லை. வேலை நேரமாக இருக்கும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அதிகாரிகள் ஆலையில் சோதனை போட்டார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் அவர்கள் வருகிற சேதி வந்துவிடும், இந்த ஊர் வழக்கம். மரத்தடி கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடாத குறையாக இருந்ததாம். விதிமீறல் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். படத்தைக் காட்டினேன். இது எந்த ஊர் வேப்பமரம்னு எப்படிம்மா சொல்றது என்று ஓர் அதிகாரி என்னையே கேட்டார். நாசமாய்ப் போக.

ஆகஸ்ட் 13, புதன்

அங்காளேஸ்வரியை நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமையே நிறுத்திவிட்டார்களாம். வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று தயாராகப் போனேன். திட்டவில்லை. வந்திருச்சு நிருபரம்மா, என்ன செய்ய என்று கீரையை உருவிக்கொண்டே சொன்னாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, எப்படியோ தெரிஞ்சிருச்சு என்றாள்.

வீடு வரும்வரை யோசித்தேன். அந்தோணிதான். அன்றைக்கு அவள் என் நாற்காலிக்கு வந்ததை அவன்தான் பார்த்தான். அவனுக்குப் பொன்னூஞ்சல் மேனேஜரோடு சகவாசம் உண்டு. அவனை விட்டால் ஊர்த் தலையாரி, என் ஸ்கூட்டரை மேலப்பட்டியில் பார்த்திருப்பான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். சுதந்திர தினச் செய்தி அனுப்பினேன். மிட்டாய் தந்தார்கள், வாயில் வைக்கப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

அந்தோணியைப் பஸ் ஸ்டாண்டில் மறித்து நாலு கேள்வி கேட்டுவிட்டேன். சண்டைதான். அவன் கடைசியில் கண் கலங்கிவிட்டான். யக்கா, எங்கம்மாவே பட்டாசு ஆலைக்குத்தான் போனா, நான் போயி அந்தக் காரியம் செய்வேனா என்றான். நடிக்கிறான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். நினைக்கப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

யார் கண்ணிலும் பட வேண்டாமென்று ஸ்கூட்டரை எடுக்காமல் போன மேலப்பட்டி பஸ்ஸில் ஒரு சின்னப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் மஞ்சள் மருந்துக் கறை. பொன்னூஞ்சலா என்றேன். ஆமாம் என்றாள். பேப்பரில் வந்ததே படித்தாயா என்றேன், தெரியாதவள் போல.

சிரித்தாள். "படிக்க என்னக்கா இருக்கு? தலைப்ப போர்மேன் வாசிச்சாரு, சாப்பாட்டு நேரத்துல. மாமன் மச்சான்னு வாசிக்கும்போதே அம்புட்டுப் பேரும், ஏ, நம்ம அங்காளக்கான்னு சிரிச்சிட்டோம். போர்மேனும் சிரிச்சிட்டாரு. பெறகுதான் என்ன செஞ்சோம்னு தெரிஞ்சுச்சு." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கதான் காட்டிக் குடுத்துட்டோம் என்றாள்.

இல்லை தாயி என்று சொல்லியிருக்கலாம். என் ஸ்டாப் வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். அது என் ஸ்டாப்பும் இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

பழமொழிதானே அது? ஊரில் எல்லோரும் சொல்வதுதானே? வீட்டுக்காரரிடம் கேட்டேன், கேள்விப்பட்டதில்லை என்றார். மாவு மில்லில் கேட்டேன். பால்காரரிடம் கேட்டேன். பூக்காரம்மா மட்டும் கேட்டிருக்கேனே என்றாள். எனக்கு உயிரே வந்தது. எங்கே கேட்டீர்கள் என்றேன். பத்து நாளைக்கு முன்ன பேப்பர்ல போட்டிருந்தாகல்ல என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

அங்காளேஸ்வரி ஏறி இறங்காத ஆலை இல்லை. எல்லா வாசலிலும் ஆள் வேண்டாம் என்கிறார்கள், பக்கத்திலேயே ஆட்கள் தேவை போர்டு தொங்குகிறது. வீட்டிலிருந்தே சுற்றிக் கொடுக்கிற காகிதக் குழாய் வேலையைக்கூட அவளுக்குத் தரக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். வெங்காயத் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போகிறாள். இதைச் சொன்னவள் பக்கத்து வீட்டுக்காரி. நான் இப்போதெல்லாம் அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போகிறேன்.

எழுதிவிடுகிறேன். ஊஞ்சல் படம் போட்ட இந்தத் தாளில்தான் எழுத வேண்டியிருக்கிறது, எழுதுகிறேன். அந்தோணி இல்லை, தலையாரி இல்லை, சிரித்த பெண்களும் இல்லை. நான்தான். அவள் பெயரை மறைத்தேன், ஊரை மறைத்தேன், வயசைக்கூட மாற்றினேன். அவள் பேச்சை மட்டும் மறைக்க மனசு வரவில்லை. "ஆபத்தான சூழலில் பணியாற்றுவதாக ஊழியர் ஒருவர் தெரிவித்தார்" என்று எழுதியிருந்தால் ஒரு நாயும் கண்டுபிடித்திருக்காது. அப்படித்தான் பதினாறு வருசமாக எழுதினேன். அந்த ஒரு வரி என் கட்டுரையில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நல்ல சேலையைப் பார்த்தால் இரவல் வாங்கியாவது கட்டிக்கொள்ளத் தோன்றுமே, அந்த ஆசை. வெட்கக்கேடு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அருணகிரி சார் போன். ஆலை வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். விளம்பரப் பிரிவு வேறு கத்துகிறது. அந்தப் பெயரில்லாத ஊழியரைக் கோர்ட்டில் நிறுத்த முடியுமா என்று நிர்வாகம் கேட்கிறதாம். முடியாது என்றேன். அப்படின்னா அண்ணாச்சி உன்னப் பாக்கணுங்கிறார், போய்ப் பாரும்மா என்றார்.

போனேன். மோர் கொடுத்தார். அண்ணாச்சி கோபப்படவே இல்லை. "எனக்கு எந்தப் பொம்பள மேலயும் விரோதம் இல்லம்மா. எங்க ஆளு யாரும் இப்படிச் சொல்லல, இது நிருபராக் கற்பனை பண்ணி எழுதுனதுன்னு நீ ஒரு வருத்தம் போட்டேன்னா, அப்புறம் நான் எதுக்கு அங்காளேஸ்வரிய நிறுத்தி வெக்கணும்? நாளைக்கே வரச்சொல்லு" என்றார்.

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார். நான் கற்பனை என்று எழுதினால் அவளுக்கு வேலை உண்டு. அவள் சொன்னது நிஜம் என்று நின்றால் அவளுக்கு வெங்காயத் தோட்டம்தான்.

ஆகஸ்ட் 23, சனி

காலையில் அவளிடமே கேட்டுவிடலாம் என்று மேலப்பட்டி போனேன். வீடு பூட்டியிருந்தது. டவுனுக்குப் போயிருக்கா என்றார்கள். போனில் கூப்பிட்டிருக்கலாம். நம்பர் என்னிடம் இருக்கிறது.

மத்தியானம் மெயில் அனுப்பினேன். "கடந்த 8ஆம் தேதி வெளியான செய்தியில் ஊழியர் கூறியதாக இடம்பெற்ற கருத்துகள் நிருபரின் கற்பனையே. பொன்னூஞ்சல் பட்டாசு ஆலையில் விதிமீறல் எதுவும் இல்லை. தவறான செய்திக்கு வருந்துகிறோம்." அண்ணாச்சியின் வக்கீல் எழுதிக் கொடுத்த வாசகம். திங்கட்கிழமைப் பேப்பரில் வரும்.

அனுப்பிய பிறகு மனசு லேசானது. பொய் சொல்லப்போவானேன், பாவம் தீர்ந்தது போல நிம்மதியாக இருந்தது. வாழைக்காய் வறுத்தேன். ரெண்டு கரண்டி சோறு கூடப் போட்டுத் தின்றேன்.

சாப்பிடும்போது வீட்டுக்காரர் ஒரு கதை சொன்னார். இன்றைக்குக் கடைக்கு ஒரு பொம்பளை வந்து நம் பேப்பரின் அந்த எட்டாம் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தாளாம். மனு ஒன்றும் டைப் அடிக்கச் சொன்னாளாம். திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுக்கப் போகிறாளாம், பெயர் போட்டு. தலைப்பைத் தொட்டுக் காட்டி, "இது நான் சொன்னது, என் பேச்சு" என்று பெருமையாகச் சொன்னாளாம். வேலைதான் போயிருச்சே, இனி என்னத்துக்குப் பயப்படன்னு கேட்டாளாம். பாண்டீஸ்வரி என்று ஒரு பிள்ளை பேரையும் மனுவில் போடச் சொன்னாளாம். நல்ல தைரியமான பொம்பளை என்றார்.

எழுந்து போய்க் கையைக் கழுவினேன். இனி என்ன செய்ய, மெயில் போய்விட்டதே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

துணி துவைத்தேன். பரணை ஒதுக்கினேன். பழைய கொசுவலையைத் தைத்தேன். திங்கட்கிழமைப் பேப்பரை ஞாயிறு சாயங்காலம்தான் முடிப்பார்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வந்துவிட்டது. முதல் பக்கத்தில், கட்டம் கட்டி. செய்திக்கு எட்டாம் பக்கம், வருத்தத்துக்கு முதல் பக்கம்.

போகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கலெக்டர் ஆபீஸ் போனேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் என் பக்கத்து நாற்காலிக்கு வரவில்லை, அந்தோணி தவிர. அவன் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். விடுக்கா என்றான்.

அங்காளேஸ்வரி வரிசையில் நின்றாள். கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலை, தலையில் பூ. கையில் பிளாஸ்டிக் கவர், உள்ளே அந்த எட்டாம் பக்கம். இன்றைக்குப் பேப்பர் அவள் பார்க்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கடவுளே, நானும் சிரித்தேன்.

அவள் முறை வந்தது. மனுவையும் பேப்பரையும் நீட்டினாள். மேசையிலிருந்த அதிகாரி வாசித்தார், பக்கத்திலிருந்தவர் அவர் காதில் என்னவோ சொன்னார், இன்றைய பேப்பரை எடுத்துக் கொடுத்தார். அதிகாரி அவளுக்கு அதை வாசித்துக் காட்டினார். நல்ல மனுசர், பொறுமையாகத்தான் வாசித்தார். இது கற்பனைன்னு அவங்களே போட்டுட்டாங்களேம்மா, இத வெச்சு நாங்க என்ன பண்றது என்றார்.

அங்காளேஸ்வரி ரெண்டு மூணு தடவை, இல்லய்யா, நாந்தான் சொன்னேன் என்றாள். பிறகு திரும்பி நாற்காலிகளைப் பார்த்தாள். நான் குனிந்து பையில் பேனா தேடினேன்.

தலையை நிமிர்த்தியபோது வரிசையில் அடுத்த ஆள் நின்றுகொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மேலப்பட்டி போனேன். இந்தத் தடவை அவள் இருக்கிற நேரம் பார்த்து. பட்டுச் சேலை கொடியில் காய்ந்தது. வாசலில் நின்றபடி எல்லாம் சொன்னேன். உங்க வேலை திரும்பக் கிடைக்கட்டும்னுதான் என்றேன். ஆலையில் இருந்து ஆள் வந்தார்களா என்றேன்.

வந்தார்களாம். நாளைக்கே வா, மரத்தடியில் மருந்து அடைக்க ஆள் பத்தவில்லை என்றார்களாம். மாட்டேன் என்று அனுப்பிவிட்டாளாம்.

நான் ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஏனா? மொத தடவ நீங்க தெரியாமச் செஞ்சீக. அது அன்னைக்கே எனக்குத் தெரியும், தலைப்பப் பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. பாவம், நல்லாத்தான எழுதிருக்காகன்னு விட்டுட்டேன். வேலைதான, ஒண்ணு போனா இன்னொண்ணு. ஆனா நான் சொன்ன சொல்ல நான் சொல்லவே இல்லைன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா? எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். பாண்டீசுவரிக்கு இருந்ததும் அது ஒண்ணுதான். அவ ரெண்டாம் தடவயும் ஸ்டவ் வெடிச்சுத்தான் செத்தா, இல்ல?"

கத்தவில்லை. மகன் உள்ளே படித்துக்கொண்டிருந்தான், அதனால் மெதுவாகத்தான் பேசினாள். வரக்காப்பி தரவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

அண்ணாச்சியிடமிருந்து தீபாவளி மலருக்கு முழுப்பக்க விளம்பரம் உறுதியாகிவிட்டது. என் மூலமாக. அருணகிரி சார் பாராட்டினார். போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் குழாயடியில் முகம் கழுவினேன்.

ஆகஸ்ட் 30, சனி

யோசித்துப் பார்க்கிறேன். அவளுக்காக அந்த வருத்தத்தை எழுதினேன் என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். அவளுக்காக என்றால் அவளைக் கேட்டிருப்பேன். என் நெஞ்சுக்குள் உறுத்தியதே, அது நிற்கட்டும் என்று எழுதினேன். சனிக்கிழமை ராத்திரியே எனக்குத் தெரியும். ஞாயிறு முழுசும் எனக்குத் தெரியும். கொசுவலையைத் தைத்துக்கொண்டிருந்தேன், சண்டாளி.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கடையைச் சாத்தியபின் வீட்டுக்காரரை உட்கார வைத்து மனு டைப் அடிக்கச் சொன்னேன். பாதியில் கையை எடுத்துவிட்டார். இதக் குடுத்தா உனக்கு வேலை போயிரும், கேஸும் வரும், தெரியும்ல என்றார். தெரியும் என்றேன். பேப்பர்காரவுக யாரும் இதப் போடவும் மாட்டாக என்றார். அதுவும் தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் கீபோர்டைத் துடைத்தார். பிறகு, சொல்லு என்றார்.

அங்காளேஸ்வரிக்குப் போன் செய்தேன். இந்தத் தடவை முதலில் அவளிடம் கேட்டேன். இப்படி எழுதியிருக்கிறேன், கொடுக்கலாமா என்று மனுவை முழுசும் வாசித்துக் காட்டினேன். பாண்டீஸ்வரிக்குப் பெரிய "ண்டீ" தானே போட்டிருக்கீக என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 1, திங்கள்

வரிசையில் நின்றேன். எங்களுக்கான நாற்காலிகளை வரிசையில் இருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. டீ குடிக்கிற சத்தம் இங்கே வரை கேட்கிறது, அது எனக்கு இத்தனை வருசமும் தெரியாது. அந்தோணி ஓடிவந்து, யக்கா, சேர் போட்டிருக்கு, வா என்றான். வரிசையில் நிற்கிறேன்டா என்றேன். அவன் என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிப் போனான். அங்கே குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தன் என்னைப் படம் எடுத்தான். எடுக்கட்டும்.

எனக்கு நாலு ஆள் முன்னால் அங்காளேஸ்வரி நின்றாள். அவள் கையிலும் மனு, அதே பிளாஸ்டிக் கவர். இன்றைக்குப் பூ இல்லை, சாதாச் சேலை. நான் வந்ததைப் பார்த்தாள், முன்னால் திரும்பிக்கொண்டாள். வெயில் ஏறியது. வரிசை நகர்ந்தது.

மேசை நெருங்கும்போது அவள் தன் இடத்தை விட்டுப் பின்னால் வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டாள். மன்னித்துவிட்டாள் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. முகத்தில் அப்படி எதுவும் இல்லை. கையை நீட்டினாள், மனுவைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசித்தாள். "அவர் கூறியது உண்மை. அவர் கூறவில்லை என்று நான் எழுதிக் கொடுத்ததே பொய்" என்ற இடத்தில் விரல் நின்றது. பிறகு கீழே இறங்கிக் கையெழுத்துக்கு வந்தது.

"இது யாரு?" என்றாள்.

நான்தான் என்றேன்.

"உங்க பேரா? இத்தன நாளாச்சு, உங்க பேரு என்னன்னே எனக்குத் தெரியாது நிருபரம்மா."

என் வீட்டுக்கு வந்த முதல் நாளே என்று எழுத வந்தேன், இல்லை, அவள் என் வீட்டுக்கு வந்ததே இல்லை. நான்தான் அவள் வீட்டுக்குப் போனேன். முதல் நாளே அவள் பெயர், ஊர், தண்ணித் தொட்டி எல்லாம் சொல்லிவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை, எனக்குச் சொல்லத் தோன்றவும் இல்லை.

"குருவம்மாள்" என்றேன்.

"முழுசாச் சொல்லுங்க. அங்க கேப்பாக."

மேசையில் இருந்தவர் அடுத்தது என்று கூப்பிட்டார். அவள் முன்னால் நகர்ந்தாள், நானும் நகர்ந்தேன். சொன்னேன்: செ. குருவம்மாள், கணவர் பெயர் செண்பகராஜ், நாடார் பேட்டை மூன்றாவது தெரு, பொன்னூஞ்சல் பட்டாசு ஆலை பற்றி எழுதிய நிருபர் நான்தான்.